வார்னிஷ் உதிர்ந்த கிதார்

அந்தக் கிதாரின் உடம்பில் வார்னிஷ் எங்கே மிச்சமிருக்கிறது என்று தேடித்தான் பார்க்க வேண்டும். 1961-ல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரிலிருந்த ஃபெண்டர் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது அதன் நிறம் சன்பர்ஸ்ட். நடுவில் தேன்மஞ்சள், ஓரத்துக்குப் போகப் போகச் சிவப்பு, விளிம்பில் கறுப்பு. இன்று அந்த நிறமெல்லாம் திட்டுத் திட்டாகத்தான் நிற்கிறது. மற்ற இடங்களில் ஆல்டர் மரம் வெறுமையாகத் தெரிகிறது. வலது முழங்கை உரசிக்கொண்டே இருந்த மேல்விளிம்பில் பூச்சு என்ற ஒன்று இருந்த அடையாளமே இல்லை. 12-வது ஃபிரெட்டில் இருக்கும் இரண்டு புள்ளிகளில் ஒன்று மற்றதோடு சேராத வெள்ளை. பழைய புள்ளி எப்போதோ விழுந்துவிட, பிளாஸ்டிக்கில் ஒன்று வைத்து அடைத்திருக்கிறார்கள். தலைப்பக்கம் ஆறு ட்யூனர்களில் ஐந்து ஒரு கம்பெனியுடையவை, ஆறாவது வேறு கம்பெனி. நெக்கை உடம்போடு பூட்டும் இரும்புத் தகட்டில் 64351 என்ற எண் பொறித்திருக்கிறது.

இது அயர்லாந்துக் கிதார் கலைஞர் ரோரி கேலகரின் ஸ்ட்ராடோகாஸ்டர், சுருக்கமாக ஸ்ட்ராட். 1963-லிருந்து 1995-ல் அவர் கண்மூடும்வரை அவரிடமே இருந்தது. புகழ்பெற்ற ராக் கலைஞர்களின் கிதார்களில் பல கைமாறியவை, பரிசாகப் போனவை, மேடையில் உடைக்கப்பட்டவை. அதிக காலம் ஒரே ஆளிடம், அதுவும் தினசரி உழைப்பில் இருந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். ரோரியின் தனி ஆல்பங்களை மாய்ந்து மாய்ந்து கேட்கும் ரசிகர்களுக்கு இந்தக் கிதார் கிட்டத்தட்ட இரண்டாவது பாடகர். எந்தப் பாட்டில் அதன் எந்தப் பிக்கப் ஒலிக்கிறது என்று அவர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். நானும் அந்தப் பேச்சில் உட்கார்ந்து நேரம் போனது தெரியாமல் இருந்திருக்கிறேன்.

கிதார் அயர்லாந்துக்கு வந்த கதையே தற்செயலானது. அந்த நாட்டுக்கு வந்த முதல் ஸ்ட்ராடோகாஸ்டர் இதுதான் என்று சொல்வார்கள். வரவழைத்தவர் ராயல் ஷோபேண்ட் குழுவின் கிதார் கலைஞர் ஜிம் கான்லன். அவர் கேட்டது சிவப்பு நிறம், வந்து இறங்கியது சன்பர்ஸ்ட். சிவப்பு வரும்வரை இதை வைத்து வாசித்தார். அது வந்ததும் இது கார்க் நகரத்தின் மெர்ச்சன்ட்ஸ் கீ தெருவில் இருந்த குரோலி இசைக்கடைக்கு விற்பனைக்குப் போனது. வேண்டிய நிறம் முதலிலேயே வந்திருந்தால் இந்தக் கதை இல்லை.

அந்தக் கடை வாசலில் நின்ற ரோரிக்கு அப்போது 15 வயது. பிறந்தது 1948 மார்ச் 2-ம் தேதி, வடமேற்கு அயர்லாந்தில் டொனிகால் மாவட்டத்துப் பாலிஷானனில். அப்பாவுக்கு அங்கே எர்ன் நதியின் நீர்மின் திட்டத்தில் வேலை. பிறகு அம்மா மோனிகாவோடும் தம்பி டோனலோடும் கார்க் நகரத்துக்கு, மக்கர்ட்டின் தெருவில் தாய்வழித் தாத்தா பாட்டி நடத்திய மதுக்கூடத்துக்கு மேலே இருந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஒன்பது வயதில் வீட்டில் ஒரு கிதார் வாங்கித் தந்தார்கள். அப்புறம் ரேடியோதான் பள்ளிக்கூடம். ராத்திரியில் அமெரிக்கப் படையினருக்கான ஒலிபரப்பைத் திருப்பித் திருப்பிப் பிடித்து ப்ளூஸ் கேட்டார். ராக் அண்ட் ரோல் பாடகர் பட்டி ஹாலியின் கையில் இருந்த ஸ்ட்ராட் மனசில் பதிந்துவிட்டது.

கடையில் சொன்ன விலை 100 பவுண்டு. அன்றைய அயர்லாந்தில் ஒரு தொழிலாளியின் பல வாரக் கூலி அது. ரோரி தன்னிடமிருந்த ரொசெட்டி கிதாரைக் கொடுத்து, மீதியைத் தவணையில் கட்டுவதாக ஒத்துக்கொண்டார். கடன் என்றதும் அம்மா பதறிப்போனார். ‘இது ஒன்று இருந்தால் ரிதமும் லீடும் நானே வாசித்துவிடுவேன், இன்னொரு கிதார்காரர் தேவையில்லை, அவர் பங்குச் சம்பளமும் மிச்சம்’ என்ற பொருளில் மகன் வாதாடியதாகத் தம்பி டோனல் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அம்மாவைச் சமாதானப்படுத்தச் சொன்ன வாதம்தான், ஆனால் பின்னாளில் அவர் அமைத்த இசையின் வடிவமே அதுவாக அமைந்துவிட்டது. கிதார், பேஸ், டிரம்ஸ் என்று மூன்றே பேர், சில வருஷங்கள் கீபோர்டு சேர்ந்து நான்கு பேர். இரண்டாவது கிதார்காரருக்கு அவர் குழுவில் இடமே இருந்ததில்லை.

கடன் அடைக்க வேலைக்குப் போனது ஃபொன்டானா ஷோபேண்டில். கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு, நடனக்கூடங்களில் அந்த வாரத்து ஹிட் பாட்டுகளை வாசிக்க வேண்டும். தவக்காலம் வந்தால் அயர்லாந்தில் நடனக்கூடங்களை மூடிவிடுவார்கள். குழுக்கள் இங்கிலாந்து பக்கம் கிளம்பிவிடும். பள்ளி மாணவர் ஒருவர் இப்படி ஊர் ஊராகப் போய், ராத்திரி முழுக்க நின்று வாசித்து, காலையில் வகுப்பில் தூங்கி வழிந்த காலம் அது. கிதாரின் பூச்சு கீறத் தொடங்கியதும் அங்கேதான்.

நடுவில் ஒரு முறை அது போயே போய்விட்டது. டப்ளினில், வண்டியின் பின்பக்கத்திலிருந்து திருடிக்கொண்டு போய்விட்டார்கள். தொலைக்காட்சியில் காவல்துறை நிகழ்ச்சியில்கூட அறிவிப்பு வந்தது. எடுத்தவர்களுக்கு அதை விற்க வழியில்லை, நாட்டில் அப்படிப்பட்ட கிதார் அவ்வளவு அரிது. சில நாள் கழித்துக் கிடைத்தபோது வெட்டவெளியில் மழையில் கிடந்து நனைந்திருந்தது. கிடைத்ததும், இனி இதை எந்தக் காலத்திலும் விற்கப்போவதில்லை என்று ரோரி முடிவு செய்தார். 47 வயதில் இறக்கும்வரை அந்த முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

பூச்சு உரிந்ததற்கு அந்த மழையும் ஒரு காரணம் என்பார்கள். பெரிய காரணம் வியர்வை. இரண்டு மணி, மூன்று மணி நேரக் கச்சேரியில் அவர் போட்டிருக்கும் கட்டம்போட்ட சட்டை தோய்த்தெடுத்ததுபோல் நனைந்துவிடும். அவருடைய வியர்வையில் அமிலத்தன்மை அதிகம், அரிய ரத்தப் பிரிவுதான் காரணம் என்ற பேச்சும் ரசிகர்களிடையே உண்டு. எப்படியோ, அந்தக் காலத்து நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு அதைத் தாங்கவில்லை. மேலே உரிந்தது பூச்சு என்றால், உள்ளே நெக் ஈரம் குடித்துக் குடித்து ஒரு கட்டத்தில் வளைந்தேவிட்டது. அதைக் கழற்றிக் காயப்போட்டு, கொஞ்ச காலம் வேறு நெக் மாட்டி வாசித்து, பழையது நேரானதும் திரும்ப அதையே பூட்டிக்கொண்டார். ஃபிரெட்டுகளை எத்தனையோ முறை மாற்றியாகிவிட்டது. பிக்கப்புகளைத் திரும்பச் சுற்றியிருக்கிறார்கள். டோன் குமிழ்களில் ஒன்றைத் துண்டித்துவிட்டு, மற்ற ஒன்றையே எல்லாப் பிக்கப்புக்கும் பொதுவாக வைத்துக்கொண்டார்.

இந்தக் கடைசி விஷயம் பழுதுபார்க்கும் சங்கதி போலத் தோன்றலாம். அவர் வாசிப்பின் சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. வாசித்துக்கொண்டே சுண்டுவிரலால் அந்தக் குமிழை முன்னும் பின்னும் உருட்டுவார். ஸ்வரம் வாயைத் திறந்து மூடுவது மாதிரி மாறும். மற்றவர்கள் காலடியில் வா-வா பெடல் வைத்து மிதித்து வரவழைக்கும் சத்தத்தை இவர் ஒரே விரலில் கொண்டுவந்துவிடுவார். ஒலிக்குமிழையும் அப்படித்தான். கம்பியை மீட்டும்போது சத்தத்தைப் பூஜ்யத்தில் வைத்து, பிறகு மெல்ல ஏற்றினால் கிதார் வில்போட்டு இழுக்கும் வாத்தியமாகிவிடும். குமிழ்களைச் சுற்றி மரம் அப்படித் தேய்ந்துபோயிருப்பதைப் பார்க்கிறவர்களுக்கு இது சட்டென்று விளங்கும்.

1966-ல் அவர் தொடங்கிய டேஸ்ட் குழு லண்டனுக்குப் போய், மார்க்கீ கிளப்பில் பேர் வாங்கியது. அங்கே நடந்த ஒரு சம்பவத்தைக் குவீன் குழுவின் பிரையன் மே பிற்காலத்தில் பலமுறை நன்றியோடு சொல்லியிருக்கிறார். அப்போது அவர் பெயர் தெரியாத மாணவர். கச்சேரி முடிந்து கிளப்பைக் காலி செய்யும் நேரத்தில் நண்பரோடு கழிப்பறையில் ஒளிந்துகொண்டார். எல்லோரும் போனபின் வெளியே வந்து, சாமான்களைத் தானே கட்டிக்கொண்டிருந்த ரோரியிடம் போய், இந்த ஒலி எப்படி வருகிறது என்று கேட்டார். ரோரி உட்கார்ந்து விளக்கினார். வாக்ஸ் ஏசி30 ஆம்ப் ஒன்று, அதற்கு முன்னால் ரேஞ்ச்மாஸ்டர் என்ற சின்ன ட்ரெபிள் பூஸ்டர் பெட்டி ஒன்று, அவ்வளவுதான். மே அதே இரண்டையும் தேடி வாங்கினார். உலகம் பிறகு குவீனின் ஒலி என்று கேட்டதெல்லாம் அந்த இரவில் ஒளிவுமறைவில்லாமல் சொல்லித் தந்த பாடத்திலிருந்து வந்தது. ரோரியின் குணத்தைச் சொல்ல இதைவிட நல்ல சம்பவம் எனக்குத் தெரியாது.

டேஸ்ட் 1970-ன் கடைசியில் கலைந்தது. கணக்கு வழக்குத் தகராறு, மனக்கசப்பு. அதை இங்கே விரித்துப் பிரயோஜனமில்லை. 22 வயதில் ரோரி தன் பெயரிலேயே ஆல்பம் போடக் கிளம்பினார். ரசிகர்கள் இன்றுவரை கொண்டாடும் தனி ஆல்பங்களின் வரிசை இங்கேதான் ஆரம்பம்.

1971-ல் மட்டும் இரண்டு ஆல்பங்கள் வந்தன. முதல் ஆல்பத்துக்கு அவர் பெயரே தலைப்பு. பெல்ஃபாஸ்ட்டைச் சேர்ந்த ஜெர்ரி மக்கவாய் பேஸ், வில்கர் கேம்ப்பெல் டிரம்ஸ். மக்கவாய் அதன்பின் 20 வருஷம் கூடவே இருந்தார். லண்டன் அட்விஷன் ஸ்டுடியோவில் பதிவான அந்த ஆல்பத்தில் கிதார் கொஞ்சம் அடக்கமாகவே பேசும். ‘ஐ ஃபால் அபார்ட்’ பாட்டைக் கேளுங்கள். ஜாஸ் சாயலில் மெதுவாகத் தொடங்கி, கடைசி இரண்டு நிமிஷத்தில் மொத்தமும் கொட்டித் தீர்த்துவிடும். அதே வருஷக் கடைசியில் வந்த ‘டியூஸ்’ வேறு ரகம். மேடைச் சூட்டை விட்டுவிடக் கூடாது என்று கச்சேரிகளை ஒட்டி ஒட்டிப் பதிவு செய்தார். ஒலித்தரம் சொரசொரப்பாக இருக்கும், சில இடத்தில் பாட்டை விடக் கிதார் உயர்ந்து நிற்கும். எனக்கு அந்தச் சொரசொரப்பு பிடிக்கும். தி ஸ்மித்ஸ் குழுவின் ஜானி மார் சிறுவயதில் இந்த ஆல்பத்தைப் போட்டுப் போட்டுத்தான் கிதார் பழகினார். 2022-ல் ‘டியூஸ்’ 50-ம் ஆண்டுப் பதிப்பாக வந்தபோது முன்னுரை எழுதியவரும் அவரே.

ரோரி சிங்கிள் வெளியிட ஒப்புக்கொள்ளாதவர் என்பதை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். மூன்று நிமிஷத்துக்குப் பாட்டை வெட்டு என்று கம்பெனிகள் கேட்டபோதெல்லாம் மறுத்தார். ரேடியோவில் ஒரு ஹிட் கேட்டு அவரிடம் வந்து சேர வழியே இல்லை. அதனால் அவருடைய ரசிகர் ஒவ்வொருவரும் ஒன்று கச்சேரியில் பார்த்து வந்தவர், அல்லது யாரோ ஒருவர் ஆல்பத்தைக் கையில் கொடுத்துக் கேட்கச் சொல்லி வந்தவர். அவர் ஆல்பங்களைப் பற்றிப் பேசும்போது ரசிகர்களிடம் தெரியும் அந்த உரிமைக்கும் பிரியத்துக்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆல்பம் முழுசாகத்தான் அவர்களுக்குப் பாட்டு.

1972-ல் ‘லைவ் இன் யூரோப்’ பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதல் 10-க்குள் போனது. ‘மெலடி மேக்கர்’ பத்திரிகை வாசகர்கள் எரிக் கிளாப்டனையும் தாண்டி அவரை உலகின் முதல் கிதார் கலைஞராகத் தேர்ந்தெடுத்த காலம் அது. 1973-ல் ‘ப்ளூபிரிண்ட்’, ‘டாட்டூ’ என்று அடுத்தடுத்து இரண்டு. லூ மார்ட்டின் கீபோர்டும் ராட் டி’ஆத் டிரம்ஸும் வந்து சேர்ந்தார்கள். அதன்பின் வந்தது ‘ஐரிஷ் டூர் 74’.

இந்த ஒரு ஆல்பத்தின் அருகில் கொஞ்சம் நின்றாக வேண்டும். 1974 ஜனவரியில் பெல்ஃபாஸ்ட் அல்ஸ்டர் ஹால், டப்ளின் கார்ல்டன் சினிமா, கார்க் சிட்டி ஹால் என்று மூன்று ஊர்க் கச்சேரிகளில் பதிவானது. ரானி லேன் வைத்திருந்த நடமாடும் ஸ்டுடியோ வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திப் பதிவு செய்தார்கள். டோனி பால்மர் இதே பயணத்தைப் படமாகவும் எடுத்தார். வட அயர்லாந்தில் குண்டுவெடிப்பும் துப்பாக்கிச்சூடும் அன்றாடச் செய்தியாக இருந்த வருஷங்கள் அவை. வெளியூர்க் குழுக்கள் பெல்ஃபாஸ்ட் என்றாலே பயணத்தை ரத்து செய்தன. அந்த அச்சம் வீண் அல்ல. 1975 ஜூலையில் கச்சேரி முடித்துத் திரும்பிய மயாமி ஷோபேண்ட் குழுவின் வண்டியை நடுரோட்டில் நிறுத்தி மூன்று கலைஞர்களைச் சுட்டுக் கொன்றார்கள். ரோரி மட்டும் விடாமல் பெல்ஃபாஸ்ட்டுக்கு வந்துகொண்டிருந்தார். அல்ஸ்டர் ஹாலில் கத்தோலிக்க இளைஞரும் புராட்டஸ்டண்ட் இளைஞரும் ஒரே கூரையின் கீழ் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். மேடையிலிருந்து அவர் உபதேசம் எதுவும் செய்யவில்லை. வந்தார், வாசித்தார், அடுத்த வருஷமும் வந்தார்.

அந்த ஆல்பத்தில் ‘எ மில்லியன் மைல்ஸ் அவே’ ஒன்பது நிமிஷத்துக்கும் மேலே ஓடுகிறது. கடலோர மதுக்கூடத்தில், சுற்றிலும் கூட்டம் இருந்தும் தனியாக இருக்கிற ஒருவரின் பாட்டு. ‘டாட்டூ’ ஆல்பத்தில் ஏற்கெனவே வந்ததுதான், ஆனால் மேடையில் அது வேறு உயரம். தொடக்கத்தில் கிதார் தனித்தனி ஸ்வரங்களாக, அலை ஏறி இறங்குவதைப்போல வருகிறது. பாடும்போது பின்வாங்கிக்கொள்கிறது. நடுவில் ஒரு இடத்தில் எல்லா வாத்தியமும் தணிந்து, அவர் ஒலிக்குமிழைக் கிட்டத்தட்ட அடைத்தே வைத்துக்கொண்டு, கம்பியைத் தொட்டும் தொடாமலும் வாசிக்கிறார். அத்தனை பெரிய கூடத்தில் ஒரு சத்தம் இல்லை. அங்கிருந்து படிப்படியாக ஏறி, ஏசி30 கிறீச்சிடும் உச்சத்துக்குப் போய், மறுபடி கரைக்கு வந்து சேருகிறது. அந்தக் கிதார்க் கடன் எதற்காக வாங்கப்பட்டது என்று யாராவது கேட்டால் இந்த ஒன்பது நிமிஷத்தைப் போட்டுக் காட்டலாம்.

அடுத்த ஜனவரியில், 1975-ல், ரோலிங் ஸ்டோன்ஸிடமிருந்து அழைப்பு. அவர்களுடைய கிதார் கலைஞர் மிக் டெய்லர் விலகிவிட்டார், இடம் காலி. ரோட்டர்டாம் போய் அவர்களோடு சில நாள் வாசித்தார். உறுதியான பதில் எதுவும் வரவில்லை. ஜப்பான் சுற்றுப்பயணத்துக்குத் தேதி கொடுத்தாயிற்று, அங்கே ரசிகர்கள் டிக்கெட் வாங்கிக் காத்திருக்கிறார்கள். கிதாரை எடுத்துக்கொண்டு விமானம் ஏறிவிட்டார். ஸ்டோன்ஸில் சேர்ந்திருந்தால் பணம் கொட்டியிருக்கும். நமக்கு 1976-ன் ‘காலிங் கார்டு’ கிடைத்திருக்காது. டீப் பர்ப்பிளின் ராஜர் குளோவர் கூட இருந்து தயாரித்த அந்த ஆல்பத்தில் பாட்டு அமைப்பு அவ்வளவு நேர்த்தி. ‘எட்ஜ்டு இன் ப்ளூ’, ‘ஐல் அட்மிட் யூ ஆர் கான்’ இரண்டையும் கேட்டவர்கள் இவரை வெறும் ப்ளூஸ் ராக் ஆள் என்று ஒதுக்க மாட்டார்கள்.

ஸ்டுடியோவில் அவருக்கு நிம்மதி கிடைத்தது அபூர்வம். 1977 கடைசியில் சான் ஃபிரான்சிஸ்கோ போய், நீல் யங்கின் ‘ஹார்வெஸ்ட்’ ஆல்பத்தைத் தயாரித்த எலியட் மேஸரோடு ஒரு முழு ஆல்பத்தைப் பதிவு செய்தார். மிக்ஸிங் மனசுக்கு ஒட்டவில்லை. அடுக்கு அடுக்காக ஏதேதோ ஏறி, பாட்டின் முள்ளந்தண்டு கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று என்று குமைந்தார். 1978 ஜனவரியில் அதே ஊரின் வின்டர்லேண்டில் பங்க் குழு செக்ஸ் பிஸ்டல்ஸின் கடைசிக் கச்சேரியைப் பார்த்தார். மூன்று கார்டு, முரட்டு வேகம். தான் ஒதுங்கிப் போய்விட்டோம் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். முடிந்து தயாராக இருந்த ஆல்பத்தைத் தூக்கிப் போட்டார். கீபோர்டு இல்லாமல் மறுபடி மூவர் குழுவானார். டெட் மக்கென்னாவை டிரம்ஸுக்குக் கூட்டிக்கொண்டு ஜெர்மனியில் கொலோன் அருகே பல பாட்டுகளைப் புதிதாக வாசித்து ‘ஃபோட்டோ ஃபினிஷ்’ என்று வெளியிட்டார்.

சான் ஃபிரான்சிஸ்கோ டேப்புகள் பெட்டியில் கிடந்தன. திரும்ப மிக்ஸ் செய்யாமல் வெளியிடக் கூடாது என்று தம்பியிடம் சொல்லியிருந்தார். டோனலின் மகன் டேனியல் அந்த வேலையைச் செய்து, 2011-ல் ‘நோட்ஸ் ஃப்ரம் சான் ஃபிரான்சிஸ்கோ’ வந்தது. 33 வருஷம் காத்திருந்த ஆல்பம். ரசிகர்கள் இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துப் போட்டு வாதாடுவார்கள். ‘ஃபோட்டோ ஃபினிஷ்’ இறுக்கமானது, அதில் ஸ்ட்ராட் அறைகிற மாதிரி ஒலிக்கும். பழைய டேப்பில் காற்றும் வெளிச்சமும் அதிகம். என் ஓட்டு பழைய டேப்புக்கு. ஆனால் 1978-ல் அவருக்கு அதைத் தூக்கிப்போடும் தைரியம் இருந்ததை மதிக்கிறேன்.

80-களைப் பற்றி நீட்டி எழுத அதிகமில்லை. ‘ஜின்க்ஸ்’ 1982-ல். பிறகு ஐந்து வருஷ இடைவெளி. 1987-ல் தன் சொந்த லேபிளில் ‘டிஃபெண்டர்’. துப்பறியும் நாவல்களின் வெறியரான அவர் அதில் டேஷியல் ஹேமட்டை நினைத்து ஒரு பாட்டே கட்டினார். 1990-ல் ‘ஃப்ரெஷ் எவிடன்ஸ்’, அதுவே கடைசி ஸ்டுடியோ ஆல்பம். கவனிக்கப்படாமல் போன ஆல்பம் அது. ‘ஹெவன்ஸ் கேட்’ பாட்டில் களைத்துப்போன மனிதர் ஒருவரின் குரலும், கொஞ்சமும் களைக்காத கிதாரும் கேட்கும். விமானப் பயணம் என்றால் அவருக்குப் பெரும் பயம், அதற்காகத் தொடங்கிய மாத்திரைகளும் மதுவும் சேர்ந்து ஈரலைச் சிதைத்துவிட்டன. 1995 ஜனவரி 10-ம் தேதி ரோட்டர்டாமில் கடைசிக் கச்சேரி. லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் ஈரல் மாற்று அறுவை நடந்து, பிறகு தொற்று ஏற்பட்டு, ஜூன் 14-ம் தேதி இறந்தார். கார்க் அருகே பாலின்காலிக்கில் அடக்கம். கல்லறைக் கல் அந்த ‘மெலடி மேக்கர்’ விருதின் வடிவத்தில் செதுக்கப்பட்டிருக்கிறது.

கிதார் டோனலிடம் வந்தது. ஃபெண்டரின் கஸ்டம் ஷாப் அதை அளந்து பார்த்து, உரிந்த பூச்சு உட்பட அச்சு அசலாக நகல்கள் செய்து விற்றது. உலகெங்கும் ரசிகர்கள் வாங்கினார்கள், வாங்குகிறார்கள். டப்ளின் டெம்பிள் பாரில் ரோரி பெயருள்ள மூலையில் வெண்கல ஸ்ட்ராட் ஒன்று சுவரில் இருக்கிறது. பாலிஷானனில் 2010-ல் சிலை வந்தது. அந்தச் சின்ன ஊரில் 2002-லிருந்து ஒவ்வொரு கோடைத் தொடக்கத்திலும் அஞ்சலித் திருவிழா நடக்கிறது. ஜப்பானிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் கட்டம்போட்ட சட்டையோடு ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். 1977-ல் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்தில் ரோரி வாசித்த ராக்பாலாஸ்ட் இசை இரவைத் தொலைக்காட்சியில் விடிய விடியப் பார்த்தவர்கள் இப்போது பேரப்பிள்ளைகளோடு வருகிறார்கள். 2025 ஜனவரியில் பெல்ஃபாஸ்ட்டும் அல்ஸ்டர் ஹால் பக்கத்தில் ஒரு சிலை வைத்துத் தன் கடனைக் கழித்துக்கொண்டது.

2024-ல் டோனல் குடும்பம் கிதாரை ஏலத்துக்கு விடப்போகிறது என்ற செய்தி வந்ததும் ரசிகர்கள் துடித்துப்போனார்கள். யாரோ ஒரு கோடீஸ்வரரின் பாதுகாப்புப் பெட்டிக்குள் போய்விடுமோ என்ற கவலை. கார்க் நகரத்தில் குரோலி கடைக்காரரின் மகளே அதை அயர்லாந்திலேயே வைக்க நிதி திரட்டக் கிளம்பினார். அக்டோபர் 17-ம் தேதி லண்டன் பான்ஹாம்ஸ் ஏலத்தில் கட்டணங்களோடு 8,89,400 பவுண்டுக்குப் போனது. வாங்கியது அயர்லாந்தின் லைவ் நேஷன் கெயிட்டி புரொடக்‌ஷன்ஸ். அவர்கள் அதை அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தார்கள். ரசிகர்கள் பெருமூச்சு விட்டார்கள், நானும்.

ஒரு கோரிக்கை மட்டும் பாக்கி. இத்தாலியின் ஜெனோவா நகரத்தில் வயலின் மேதை பாகனீனி விட்டுச் சென்ற வயலின் இருக்கிறது. 1743-ல் குவார்னேரி செய்தது, பெயர் இல் கனோனே. நகரமே அதைக் கண்ணாடிப் பேழையில் காத்துவருகிறது. ஆனால் சும்மா பூட்டி வைக்கவில்லை. பாகனீனி போட்டியில் வெல்லும் இளைஞரின் கையில் அதை எடுத்துக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார்கள். ரோரியின் ஸ்ட்ராட்டையும் அப்படி வாசிக்க முடியும். 2011-ல் லண்டன் ஹேமர்ஸ்மித்தில் ஜோ பொனமாஸாவிடம் அது இரவலாகப் போனது. ‘கிரேடில் ராக்’ வாசித்தபோது எந்தக் குறையும் இல்லாமல் கர்ஜித்தது. மரம் வறண்டுபோகும், மின்சுற்று துருப்பிடிக்கும் என்ற கவலை காப்பாளர்களுக்கு இருக்கும், நியாயம்தான். இருந்தாலும் இத்தனை மழையையும் வியர்வையையும் தாண்டிவந்த கிதார் வருஷத்துக்கு ஒரு மாலையைத் தாங்கும். ஜூன் 14-ம் தேதி கார்க் சிட்டி ஹாலில் ஒரு ஏசி30-ஐ வைத்து, 15 வயதுப் பெண்ணோ பையனோ ஒருவரிடம் அதைக் கொடுக்கட்டும். வேறு கையில் அந்தக் கம்பிகள் எப்படி ஒலிக்கும் என்று கேட்க அரங்கு நிறையக் கூட்டம் வரும்.